வலது நூல், இடது நூல்

ஜூன் 14

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். அம்மாவாக இருந்தால், அம்மா, அட்டையில் உயிரியல் ரெக்கார்டு என்று எழுதியிருக்கிறதே, அதை நம்பு. அப்பாவாக இருந்தால் வேண்டாம் அப்பா. நஸ்ரினாக இருந்தால் இனி என் இங்க் பேனா உனக்குக் கிடையாது. வேறு யாராவது என்றால் உங்களை எனக்குத் தெரியாது, ஆனாலும் காலில் விழுகிறேன். யாரிடமும் காட்டாதீர்கள்.

மூடவில்லையா? சரி, சொல்லிவிடுகிறேன். என் முகம் நகர்கிறது.

நான் பேச்சிக்கனி. பத்தாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் கனி டிஜிட்டல் ஸ்டுடியோ என்று ஒரு பலகை தொங்குகிறதே, அந்தக் கனி நான்தான். கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. அப்பா படம் எடுப்பார். அம்மா ஜெராக்ஸும் லேமினேஷனும் பார்ப்பாள். கடை அடைத்த பிறகு மேக்கப் அறை எனக்கு. படிப்பதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெரிய கண்ணாடி, ஊரே தலை சீவிய ஒரு சீப்பு, ஊரே பாஸ்போர்ட் படத்துக்குப் போட்ட ஒரு கறுப்புக் கோட்டு எல்லாம் உண்டு.

முந்தாநாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நஸ்ரின் கேட்டாள். "ஏளா, நீ ஏன் ஒரு பக்கமா சிரிக்கே?"

"ஸ்டைலுளா," என்றேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் கண்ணாடி முன்னால் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை விரித்தால், மேல்வரிசையின் நடுக்கோட்டுக்கு நேராகக் கீழ்வரிசையின் நடுக்கோடு இல்லை. அரைப் பல் அளவு இடப்பக்கம் போயிருக்கிறது. என் முகவாயின், அப்பா சொல்கிற நாடியின், நடுவில் ஒரு மச்சம் உண்டு. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதுவும் மூக்குக்கு நேர்கீழே இல்லை. வீட்டை விட்டுப் போகிறவள் மாதிரி ஓரமாக நிற்கிறது.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்தேன். காதுமடல் கன்னத்தில் ஒட்டும் இடத்திலிருந்து மச்சம் வரை பிடித்து, நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன்.

வலம் 12.6. இடம் 12.1.

எனக்குப் பயம் இல்லை.

ஜூன் 15

அளந்தேன். அதேதான். தினமும் அளந்தால் பைத்தியம் பிடித்துவிடும். இனி மாதத்தின் முதல் தேதி மட்டும்.

ஜூன் 21

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கணக்கு வகுப்பில் வலது கன்னத்தில் கை ஊன்றித் தூங்குகிறேன். கரும்பையும் வலப்பக்கம்தான் கடிக்கிறேன். ஆறாம் வகுப்பில் நஸ்ரின் டிபனிலிருந்து ஒரு கோழித் துண்டைத் திருடியதும் வலது கையால்தான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

இன்றிலிருந்து எல்லாம் இடக்கை. கன்னத்துக்கு முட்டுக்கொடுப்பது இடக்கை, தூங்குவது இடப்பக்கம். கூடுதலாகத் துப்பட்டாவை முகவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுப் படுத்தேன். விடிந்ததும் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இது என்ன வேசம்? பல்லு வலியா?"

"லேசா."

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து நல்ல பல்லில் வைத்துவிட்டாள். சாயங்காலம் வரை நாக்கு என்னுடையதாக இல்லை. பொய் சொன்னால் இப்படித்தான் காரமாக இருக்கும் போல.

ஜூலை 1

வலம் 12.7. இடம் 12.1.

நூல் இழுபட்டிருக்கும்.

ஜூலை 19

இன்று கடையில் ஒரு மாப்பிள்ளை. பெண்வீட்டுக்கு அனுப்பப் படம். காதுகள் இரண்டும் ஆட்டோவின் திறந்த கதவுகள் மாதிரி இருந்தன. அப்பா அவரை ஸ்டூலில் உட்காரவைத்து வழக்கமான பாட்டைப் பாடினார். "நாடிய உள்ள இழுங்க. எடது தோள எறக்குங்க. மூச்சப் பிடிக்காதீங்க தம்பி, நான் ஊசியா போடுதேன்?"

பிறகு கம்ப்யூட்டர். அப்பா மவுஸைப் பிடித்தால் பார்க்க வேண்டும். பரு போகும், தழும்பு போகும், ஒரு கண் சின்னதாக இருந்தால் பெரிதாகும். டச்சப் என்று இதற்குப் பெயர். மாப்பிள்ளையின் காதுகளைத் தட்டித் தட்டி உள்ளே அனுப்பிவிட்டார்.

"அப்பா, நேர்ல பாக்கும்போது பொண்ணுக்குத் தெரியாதா?"

"அதுக்குள்ள பிடிச்சிரும்மா. என் கடையில இருந்து ஒருத்தரும் கோணலா வெளிய போனதில்ல."

ஸ்டுடியோ சுவரில் என் பிறந்தநாள் படங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வயதிலிருந்து பதினைந்து வரை. அப்பா போன பிறகு நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் நேராக இருக்கிறேன். போன ஏப்ரலில் எடுத்ததிலும் மச்சம் மூக்குக்கு நேர்கீழே பளிச்சென்று இருக்கிறது.

அப்படியானால் கண்ணாடிதான் கோணல். எவ்வளவு நிம்மதி. இன்று மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 20

பள்ளிக் கழுவுமிடத்துக் கண்ணாடியும் கோணல். நஸ்ரின் வீட்டுக் கண்ணாடியும்.

ஆகஸ்ட் 1

வலம் 12.8. இடம் 12.1.

ஆகஸ்ட் 22

பள்ளியில் பல் முகாம். திருநெல்வேலியிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு டாக்டர் வந்திருந்தார். ஒவ்வொருத்திக்கும் அரை நிமிடம். என் முறை வந்தபோது அரை நிமிடம் ஐந்து நிமிடமானது. பின்னால் நின்ற நஸ்ரின், "டாக்டர், அவளுக்கு எத்தன பல்லு, அறுபதா?" என்றாள். டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என் இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார்.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கும்மா?"

"எப்படி, டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கோபிக்கவில்லை. ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். கீழ்த்தாடை தனி எலும்பாம். இரண்டு காதுக்கும் முன்னால் ஆளுக்கொரு குமிழில் தொங்குகிறதாம். வளர்கிற வயதில் இரண்டு குமிழும் ஒன்றுபோல வளர வேண்டும். "சாமி சப்பரம் தூக்குறாங்கல்ல, ஒரு பக்கத்து ஆளுங்க மட்டும் உயரமாயிட்டே போனா என்ன ஆகும்?"

"அடுத்த பக்கம் சாயும்."

"அதான். உனக்கு வலது பக்கம் வளந்துக்கிட்டே இருந்திருக்கு. நாடி இடது பக்கம் போயிருக்கு."

கணக்கு வகுப்பில் கன்னத்தில் கை வைத்ததையும் கரும்பையும் சொன்னேன். கோழித் துண்டைச் சொல்லவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். "அதனாலெல்லாம் எலும்பு வளராதும்மா. நீ ஒண்ணும் பண்ணல. சில பேருக்கு ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியா தெரியாது. சரி பண்ண முடியும், அது தெரியும்." அப்பா அம்மாவோடு வரச்சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்.

இரண்டு மாதமாக இடப்பக்கம் படுத்துக் கழுத்து சுளுக்கியது எல்லாம் வீண். இன்று மல்லாக்கப் படுக்கப்போகிறேன்.

கடிதத்தைக் கறுப்புக் கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். அங்கே யாரும் கை விடமாட்டார்கள். படத்தில் விழாததை எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 1

வலம் 12.9. இடம் 12.1.

நாளை கடிதத்தைக் கொடுத்துவிடுவேன்.

செப்டம்பர் 2

நாளை.

செப்டம்பர் 13

அம்மா அந்தக் கோட்டைத் துவைக்க எடுத்தாள். எனக்கு விவரம் தெரிந்து இதுதான் முதல் முறை. நான் பாய்ந்து பிடுங்கி, "நான் துவைக்கேன்" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போனாள். இரண்டு மணி நேரம் துவைத்தேன். நாலைந்து தண்ணீர் மாற்றினேன். பவுடர் வாசனை மட்டும் போகவில்லை. கடிதம் பத்திரம்.

செப்டம்பர் 26

பொதுத்தேர்வுப் பட்டியலுக்காக அப்பா எங்கள் பள்ளிக்கு வந்து எல்லோரையும் படம் எடுத்தார். என் முறை வந்ததும், "கனி, மூஞ்சிய இம்புட்டு வலது பக்கம் திருப்பு," என்றார். வேறு யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் எப்போதும் சொல்வார். எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 1

வலம் 12.9. இடம் 12.1. நூல் ஈரமாக இருந்திருக்கும். புது நூலில் அளந்தேன். 12.9.

அக்டோபர் 9

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நஸ்ரின் போனில் இதைக் கேட்டு இரண்டு தடவை சிரித்தாள், அதனால் அவ்வளவு மோசமாக இருக்காது.

வகுப்பாசிரியை ஸ்டெல்லா மிஸ் படங்களைப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தார். என் படத்தை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "கனி, தேர்வு அறையில முகத்த ஒப்பிட்டுப் பாப்பாங்க. இது சரிப்படாது. வேற படம் கொண்டா."

மத்தியானம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் படத்தை யாரும் திருப்பி அனுப்பியதே இல்லை. டிவிஎஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், இருவது வருசமா படம் எடுக்கேன். என் பிள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் வேற படம் கேட்டேன்." மிஸ் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, என் தோளுக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்தார். "ரெண்டையும் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா கேமரா இல்லாமல் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. மூஞ்சியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன்.

"திருப்பாத," என்றார்.

திரும்பி வரும்போது டிவிஎஸ் இருபதில் போனது. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கோட்டிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா தேதியைப் பார்த்தார். "ஆகஸ்டா?" என்றார். மற்றதை அம்மாதான் கேட்டாள்.

"ஏட்டி, ஒண்ணர மாசமா இத வச்சுக்கிட்டு எப்பிடித் தூங்கின?"

"மல்லாக்க," என்றேன். அடிக்கத்தான் கை ஓங்கினாள், ஆனால் அந்தக் கை என் முகவாயைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் அப்பாவிடம் கேட்டேன். "தெரிஞ்சா பண்ணினீங்க?"

மவுஸைத் தள்ளி வைத்தார். "கை பண்ணுது கனி. எவன் மூஞ்சி வந்தாலும் கை தானா நேராக்கிரும். உன் மூஞ்சியும் அப்பிடித்தான் வந்து உக்காந்திருக்கு."

அக்டோபர் 24

திருநெல்வேலி. பல் ஆஸ்பத்திரியில் ஏசி. அம்மா சேலைத் தலைப்பை என் மேலும் போர்த்திவிட்டாள்.

பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கடிதத்தில் இருந்தது. அப்பா பதற்றத்தில் என் ஆல்பத்தை முழுசாகத் தூக்கி வந்துவிட்டார். ஜெசிந்தா டாக்டர் புரட்டினார். ஒரு வயது, ஐந்து, பத்து, பதினைந்து.

"இதுல எதையாவது டச்சப் பண்ணாம வச்சிருக்கீங்களா சார்?"

"ஒரிஜினல எல்லாம் அழிச்சிருவேன் டாக்டர். டிஸ்க்ல எடம் பத்தாது."

"செல்போன்ல எடுத்தது?"

அம்மா தன் போனைத் திறந்து காட்டினாள். எண்ணூறு லேமினேஷன் ஆர்டர்கள் இருந்தன. நான் ஒன்றில் இருந்தேன், முதுகு.

அப்போதுதான் அம்மாவுக்கு என் ஆதார் அட்டை ஞாபகம் வந்தது. பதின்மூன்று வயதில் பெயர்த் திருத்தத்துக்குப் போனபோது அந்த மையத்திலேயே எடுத்த படம். எங்கள் வீட்டில் அதைக் காட்டினாலே சிரிப்போம். தூக்கத்தில் பிடிபட்ட திருடி மாதிரி இருப்பேன். அப்பா அதைக் கண்ணால் பார்க்கமாட்டார், "லைட்டிங்கா இது?" என்பார். டாக்டர் அதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் இருக்கிற நல்ல படம் அது ஒன்றுதான் என்பது போல.

"இதுல கிட்டத்தட்ட நேரா இருக்கு. அப்போ எல்லாம் இந்த ரெண்டு வருசத்துல நடந்திருக்கு. இனி நமக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தக் குமிழ் வளர்றத நிறுத்திடுச்சா, இல்ல இன்னும் வளருதா?"

நின்றிருந்தால் அவசரமே இல்லையாம். பல்லுக்குக் கம்பி போட்டு மெதுவாக வரிசைப்படுத்தி, உடம்பு வளர்ந்து முடிகிற வயதில் ஆபரேஷன் செய்து தாடையை நேராக்கிவிடலாம். இன்னும் வளர்கிறது என்றால் காத்திருக்கக் கூடாதாம். குமிழில் வளர்கிற பகுதியைச் சீக்கிரமே எடுக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி.

"மார்ச்ல அவளுக்குப் பொதுத்தேர்வு டாக்டர்," என்றாள் அம்மா.

"தெரியும்மா. அதான் சும்மா கத்தி வைக்க மனசு வரல. ஸ்கேன் ஒண்ணு எடுப்போம். ஆனா ஸ்கேன் மட்டும் போதாது. இந்த அஞ்சாறு மாசத்துல எவ்ளோ மாறியிருக்குன்னு சொல்ல உங்ககிட்ட எதுவுமே இல்லையா? தேதியோட ஏதாவது?"

அப்பா ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஏசியைப் பார்த்தேன். அதில் 23 என்று இருந்தது.

நவம்பர் 1

வலம் 12.9. இடம் 12.1.

நவம்பர் 3

டாக்டர் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை என் முகத்தை நேருக்கு நேர் படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, எதையும் தொடாமல். இன்று முதல் படம். அப்பா எல்லா விளக்கையும் போட்டார், அணைத்தார், போட்டார். நாடியை இழு என்றும் சொல்லவில்லை, தோளை இறக்கு என்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் கடைசியில் "ரெடியா மேடம்?" என்றார்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. நான்தான். மச்சம் ஓரமாக நிற்கிறது, சிரிப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. அவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் கேலி பண்ணுகிறவள் மாதிரி இருக்கிறேன்.

அப்பாவின் கை மவுஸுக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சேவ் பண்ணத்தான்," என்றார்.

"நான் பண்ணுதேன்."

அழிந்துபோன ஒரிஜினல்களை மீட்க ஏதோ மென்பொருள் வாங்கி நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறார். இதுவரை மீண்டு வந்தவை ஒரு காதுகுத்து, இரண்டு வளைகாப்பு, அந்த மாப்பிள்ளையின் காதுகள். நான் வரவில்லை. இன்று சோறு பாதித் தட்டில் இருந்தது. "தேடுனா கெடைக்கும்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு கைகழுவப் போனார்.

என்னிடம் தேதியோடு நூல் கணக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் 9

நாளை டாக்டரிடம் போகிறோம். ஸ்கேனுக்கு நாள் குறிக்க. தேவைப்பட்டால் மற்றதற்கும்.

எனக்குப் பயம் இல்லை என்று ஜூனில் எழுதியிருக்கிறேன். அது பொய். அன்றும் பயம்தான், இன்றும் பயம்தான். கத்தி என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அம்மா வெங்காயம் நறுக்கினால்கூட எழுந்து போய்விடுகிறேன்.

சற்று முன் முதல் பக்கத்திலிருந்து நூல் கணக்கை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். 12.6, 12.7, 12.8, 12.9. அதற்குப் பிறகு 12.9. அதற்குப் பிறகும் 12.9. நான் நூலைச் சந்தேகப்பட்டேனே தவிர, இதைக் கவனிக்கவே இல்லை. செப்டம்பரிலிருந்து என் முகம் எங்கும் போகவில்லை.

நூல்தான், சதை அமுங்கும், தப்பாகவும் இருக்கலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எழுந்து நின்று கோட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள் இரண்டு சுற்று ஆடினேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தேதியும் அளவும் மட்டும் அழகாக எழுத ஆரம்பித்தேன், டாக்டரிடம் கொடுக்க. நோட்டைக் காட்ட வேண்டியதில்லை அல்லவா? கோடு போட்டேன். அக்டோபர் வந்ததும் 12.9 என்று எழுதப்போன கை 12.85 என்று எழுதியது. நவம்பருக்கு 12.8. இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டுமே என்று.

எழுதிவிட்டுத்தான் பார்த்தேன். கை பண்ணுது.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்படியானால் நோட்டு முழுசாகத்தான் போக வேண்டும். துப்பட்டா, கிராம்புத் தைலம், கோட்டுப் பை, மூன்று தோசை, எல்லாம். கோழித் துண்டும்தான். நஸ்ரினுக்கு இன்னும் தெரியாது, டாக்டர் அவளிடம் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். முதலில் யார் படிப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன். பத்து நாளாகத் தேடுகிறவர் ஒருவர் இருக்கிறார்.

யாரிடமும் காட்டாதீர்கள் என்று முதல் பக்கத்தில் கெஞ்சியிருக்கிறேன். அதை அடிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம். அதுவும் அப்படியே இருக்கட்டு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"கனி, முழிச்சிருக்கியா? அந்தக் கோட்ட எடும்மா, நாளைக்கு நான் போட்டுட்டு வாரேன். டாக்டரு முன்னால கொஞ்சம் நல்லா இருக்கட்டும்."

கோட்டு என் மேல் இருக்கிறது. சிரிப்பு வருகிறது. நோட்டை மூடவில்லை, திறந்தபடியே எடுத்துக்கொண்டு போய்க் கதவைத்